ஆப்ல படிச்ச இத்தாலியன் மண்டையில நிக்கல, வழி சொல்லுங்க

பல்லாவரம்_பையன்:
வணக்கம் மக்களே. குரோம்பேட்டைல ஒரு லெதர் கம்பெனில இருக்கேன், ரெண்டு மாசத்துல ஆர்ட்ஸிஞானோ அனுப்புறாங்க, விச்சென்ஸா பக்கத்துல தோல் பதனிடுற ஊரு. ஆப்ல டெய்லி அரை மணி நேரம் 'ஆமை பால் குடிக்குது'ன்னு போயிட்டிருக்கு, ஆனா நேத்து அங்கேர்ந்து போன் பண்ண சூப்பர்வைசர் பேசுனதுல 'ப்ரேகோ' மட்டும்தான் காதுல விழுந்துச்சு, அதுவும் நாலு தடவ, நாலும் வேற வேற அர்த்தம் மாதிரி. கிளாஸ் போக நேரம் இல்ல, ஷிப்டு. என்ன பண்றது?

தோரினோ_ரிட்டர்ன்:
ப்ரேகோ நம்ம 'சொல்லுங்க' மாதிரி தம்பி, இடத்த பொறுத்து மாறும். நன்றி சொன்னா பதிலுக்கு ப்ரேகோ, கடைக்காரர் என்ன வேணும்னு கேக்கவும் ப்ரேகோ, உள்ள வாங்கன்னாலும் ப்ரேகோ. மொதல்ல இங்கிலீஷ் வழியா படிக்கிறத நிறுத்து. 'கால்தோ'ன்னா சூடு, இங்கிலீஷ் கோல்டு இல்ல. நான் போன அன்னிக்கே சி போட்ட குழாய பச்சத்தண்ணின்னு நெனச்சு திறந்து கைய சுட்டுகிட்டேன். 'காமெரா'ன்னா ரூம், போட்டோ எடுக்குறது இல்ல. காபி கடைல வெறும் 'லாத்தே'ன்னு கேட்டா ஒரு கிளாஸ் பால் வரும், சத்தம் போடாம குடிச்சிட்டு வந்துடு.

மடிப்பாக்கம்_மாமி:
தமிழ்க்காரங்களுக்கு இது ஈசிதான்பா. 'நோனோ'ன்னா ஒம்பதாவது, 'நொன்னோ'ன்னா தாத்தா. கனிக்கும் கன்னிக்கும் வித்தியாசம் தெரிஞ்ச காதுக்கு இது ஒரு விஷயமே இல்ல. நமக்கு ஞ வேற இருக்கு, அவங்க உருளைக்கிழங்கு உருண்டை பேரு ஞொக்கின்னு சுத்தமா வரும். பெரியவங்ககிட்ட 'லேய்', சிநேகிதங்ககிட்ட 'தூ', நம்ம நீங்க நீ தான், அவங்களே தூ போடலாம்னு சொல்ற வரைக்கும் லேய்ல இரு. வழக்குச் சொல்லயும் நம்மளோடதோட கோத்து வெச்சுக்கோ. செலவாளிக்கு அங்கயும் 'ஓட்டைக் கை'தான், 'மானி புகாத்தே'. வெளிய சொல்லாதன்னா 'ஆக்குவா இன் போக்கா', வாயில தண்ணி. இங்க பேசாதவன வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேப்போம்ல, அது பக்கத்துலயே இதையும் வெச்சுக்கோ.

வேளச்சேரி_வெட்டிஆபீசர்:
யாராவது 'தாய்'னு கத்துனா அம்மாவ கூப்புடறான்னு நெனைக்காத, சண்டைக்கும் போகாத, நம்ம 'அட வாடா' தான். காதுல அப்படியே டேய் மாதிரி விழும் 😂

தோரினோ_ரிட்டர்ன்:
ஆமா அத மறந்துட்டேன். இன்னொன்னு, வணக்கத்துக்கு சொல்ற 'ச்சாவோ' அந்த வெனிஸ் பக்கத்து சொல்லுதான், மூலம் 'உங்க அடிமை', பெருமாள் கோயில்ல அடியேன்னு சொல்றாங்களே அதே. ஆனா இப்ப பணிவெல்லாம் கரைஞ்சு போச்சு, வயசானவங்க கிட்ட போய் ச்சாவோ சொல்லாத, 'போன்ஜோர்னோ' போதும். மெரினால நிக்கிற வீரமாமுனிவரும் இத்தாலிக்காரர்தான், 1680ல பொறந்தவர், இங்க வந்து தமிழ் படிச்சு 1732ல சதுரகராதியே போட்டுட்டாரு. உனக்கு அகராதி வேணாம், வாடகை பேசுற அளவுக்கு வந்தா போதும்.

பல்லாவரம்_பையன்:
செம, எல்லாருக்கும் கிராட்ஸியே. அடுத்த வாரம் வீசா இன்டர்வியூ, வயித்த கலக்குது.

மடிப்பாக்கம்_மாமி:
'இன் போக்கா அல் லூபோ'. ஓநாய் வாய்ல போன்னு அர்த்தம், பயப்படாத, ஆல் தி பெஸ்ட்தான். இதுக்கு மட்டும் கிராட்ஸியே சொல்லக்கூடாது, ராசியில்லன்னுவாங்க. 'க்ரேபி'ன்னு சொல்லணும், ஓநாய் சாகட்டும்னு.

பல்லாவரம்_பையன்:
க்ரேபி மாமி!