மிச்சம் கிடக்கும் விதையைப் போடலாமா, ஆடிப்பட்டத்துக்குப் புதுசு வாங்கணுமா?

உறையூர் மாடி (கேள்வி):
வணக்கம். ஆடி பிறக்க இன்னும் நாலு வாரம்தான். பழைய பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தேன். வெண்டை வாங்கி 2 வருஷம், கத்தரி 3 வருஷம், தக்காளி (எஃப்1 வீரிய ஒட்டு, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை; ரோஸ் கலர் மருந்து பூசியது) 3 வருஷம், மிளகாய் 2 வருஷம், பாகல் 2 வருஷம், வெங்காய விதை போன வருஷத்தது. வீட்டிலேயே எடுத்த தட்டைப்பயறும் இருக்கு, அதில் பாதி ஓட்டை. எல்லாம் சமையலறைப் பரணில் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தவை. அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில் மிளகாயும் தக்காளியும் பெரும்பாலும் மிதந்தன, பாகலில் பாதி மிதந்தது. மிதந்ததெல்லாம் செத்த விதைதானா? மொத்தமாகத் தூக்கிப்போட்டுவிட்டு வாங்கிவிடலாமா?

நாமக்கல் நாற்றங்கால்:
தூக்கிப் போட்றாதீங்க. மிதக்குறதை வெச்சு முடிவு பண்றது நெல்லுக்கு உப்புக்கரைசல்ல செய்யிற சோதனைங்க. காய்கறி விதைக்கு அது ஒத்து வராது. தக்காளி விதை மேல பூனைமுடி மாதிரி நுண்ரோமம் இருக்கு, அதுல காத்து மாட்டிக்கும். பாகல்ல ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவுல காத்து நிக்கும். நல்ல விதையும் மிதக்கும், செத்ததும் முழுகும். நனைஞ்சதை நியூஸ்பேப்பர்ல பரப்பி நிழல்ல காய வைங்க. வெயில் வேண்டாம். அதை மறுபடி டப்பால போட்டு அடுத்த வருஷத்துக்கு வைக்காதீங்க, இந்தப் பட்டத்துக்கே போட்ருங்க.

செய்ய வேண்டியது பேப்பர் சோதனை. பேக்கெட்டுக்கு 20 விதை, பாகல் மாதிரி பெருசுன்னா 8 போதும். டிஷ்யூ பேப்பரை ரெண்டா மடிச்சு நனைச்சு, நல்லாப் பிழிங்க. தூக்கிப் பிடிச்சா ஒரு சொட்டுகூட விழக்கூடாது. விதை ஒண்ணை ஒண்ணு தொடாம பரப்பி, சுருட்டி, பேரும் தேதியும் எழுதி ஜிப் கவர்ல போடுங்க. கவர் வாயை ஒரு விரல் அளவு திறந்தே விடுங்க. வீட்டுக்குள்ள நிழல்ல 25லிருந்து 30 டிகிரி இருந்தா போதும். மாடியில வைக்காதீங்க, கவருக்குள்ள வெந்துரும். மூணாம் நாள்லேர்ந்து தினமும் ஒருக்கா பிரிச்சுப் பாருங்க.

உறையூர் மாடி:
நன்றி அண்ணா. ஏழாம் நாள் கணக்கு: தக்காளி 20க்கு 16. கத்தரி 13. வெண்டை 5. தட்டைப்பயறு, ஓட்டை இல்லாததில் 20க்கு 17. வெங்காயம் 0. மிளகாய் 0, அதோடு பேப்பர் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம். பாகல் 8க்கு 0, விதை போட்ட மாதிரியே கல்லாக இருக்கு. மிளகாயும் பாகலும் போச்சா?

நாமக்கல் நாற்றங்கால்:
ரெண்டும் இன்னும் போகலைங்க. தனித்தனியாப் பாப்போம்.

மிளகாய்க்கு ஏழு நாள் பத்தாது. ஆய்வகத்துலயே 14ஆம் நாள்தான் கடைசிக் கணக்கு எடுக்கறாங்க, கத்தரி, தக்காளிக்கும் அதேதான். பூஞ்சணம் வந்தது பேப்பர்ல ஈரம் ஜாஸ்தி ஆனதால. விதையைச் சுத்தித் தண்ணி நின்னா மூச்சு விட காத்து கிடைக்காது, பூஞ்சணத்துக்கு அதுதான் விருந்து. ஒரு விதையை எடுத்து ரெண்டு நகத்துக்கு நடுவுல லேசா அழுத்திப் பாருங்க. கொழகொழன்னு சாம்பல் நிறமா பிதுங்கி நாத்தம் அடிச்சா அது செத்தது. உள்ள வெள்ளையா, கெட்டியா, உப்பி இருந்தா உயிர் இருக்கு. கெட்டியா இருக்கறதை மட்டும் எடுத்து, சுத்தமான தண்ணில ஒருக்கா அலசி, புது பேப்பர்ல நல்லாப் பிழிஞ்சு இன்னும் ஒரு வாரம் வைங்க.

பாகல் கல்லாட்டம் இருக்குன்னா தண்ணியே உள்ள போகலைன்னு அர்த்தம். அந்த ஓடுதான் சிக்கல். விதையோட ஒரு முனை கூம்பியிருக்கும், முளைவேர் அந்தப் பக்கம்தான் வரும். நகவெட்டியால அந்த முனையோட விளிம்புல மயிரிழை அளவு கிள்ளுங்க. பருப்பு வெட்டுப்படக்கூடாது, ஓடு விரிசல் விட்டாப் போதும். அப்புறம் ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான தண்ணில ஊற வெச்சு மறுபடி பேப்பர்ல சுருட்டுங்க. பீர்க்கு, புடலைக்கும் இதே வழிதான்.

வெங்காயம் 0ன்னா ஆச்சரியமில்லை. நம்ம ஊரு வெக்கையில, அதுவும் பரண்ல, ஒரு வருஷம் தாங்கறதே பெருசு.

பொள்ளாச்சி விதைப்பெட்டி:
வெண்டை 20க்கு 5 என்பதைச் சரியாகக் கணக்குப் போட வேண்டும். 25 சதவீதம் முளைக்கிற விதையில், செடி வளர்க்கும் பை ஒன்றுக்கு ஒரு செடியாவது பத்துக்கு ஒன்பது பையில் வர வேண்டுமென்றால் பைக்கு 8 விதை ஊன்ற வேண்டும். பத்துப் பைக்கு 80. ஒரு பாக்கெட்டே போய்விடும். வந்த ஐந்தையும் கவனியுங்கள்: மூன்றாம் நாளே வந்ததா, ஏழாம் நாள் முக்கி முனகி வந்ததா? தாமதமாக முளைப்பது வீரியம் போனதற்கு அடையாளம். பேப்பரில் முளைத்துவிடும், மண்ணில் மேல்மண் சற்று இறுகினாலே முட்டிக்கொண்டு வர வலு இருக்காது. அதனால் வெண்டை மட்டும் வாங்குங்கள். மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் ரகமாகக் கேளுங்கள்.

கத்தரிக்கு 65 சதவீதம் வருகிறது. குழிக்கு இரண்டு விதை போட்டால் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது குழி நிறையும். இதற்குப் புதுசு எதற்கு? நம் நாட்டு விதைத் தரத்தின்படி விற்பனை விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கொடி வகைகளுக்கும் 60 சதவீதம்தான். புது பாக்கெட்டில் நூற்றுக்கு நூறு முளைக்கும் என்று நினைத்துக்கொண்டு பழையதை எறிகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

தக்காளி எஃப்1 பற்றி ஒரு வார்த்தை. பாக்கெட்டில் மிச்சம் இருக்கிற விதை எத்தனை வருஷமானாலும் அதே எஃப்1தான், முளைத்தால் அதே காய்தான். அந்தச் செடியில் காய்த்த பழத்திலிருந்து விதை எடுத்தால்தான் அடுத்த தலைமுறை பலவிதமாகப் பிரியும். இரண்டையும் குழப்ப வேண்டாம். ரோஸ் மருந்து பூசிய விதையில் முளைக்காததைக் கோழிக்கோ குருவிக்கோ போட்டுவிடாதீர்கள், அது பூஞ்சணக்கொல்லி.

திருவாரூர் கீரைப்பாத்தி:
ஓட்டை விழுந்த தட்டைப்பயறு பற்றி யாரும் சொல்லவில்லையே. அது பயறு வண்டு. ஓட்டையானதில் சிலது முளைக்கும், ஆனால் பருப்பில் பாதியைப் புழு தின்றிருக்கும், நாற்று சோனியாக நிற்கும். பிரித்துத் தள்ளுங்கள். ஓட்டை இல்லாததிலும் முட்டை ஒட்டியிருக்கலாம், தோல்மேல் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நன்றாகக் காய்ந்த பயறு என்றால் இறுக்கமான டப்பாவில் போட்டு நாலு நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். ஈரம் உள்ள விதையை ஃப்ரீசரில் வைத்தால் விதையே செத்துவிடும். கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைய வேண்டும், அந்தப் பதம்.

உறையூர் மாடி:
மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா அக்கா? சிலர் வேண்டாம் என்கிறார்கள். வாங்கும்போது எதைப் பார்ப்பது?

திருவாரூர் கீரைப்பாத்தி:
தாராளமாக வைக்கலாம், காயாமல் வைப்பதுதான் தப்பு. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. அடுப்புச் சூடும் ஆவியும் ஏறும் பரண் இரண்டிலுமே மோசம். வெங்காயமும் வெண்டையும்தான் முதலில் அடிவாங்கும், அதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது.

கண்ணாடி பாட்டில் எடுங்கள். பச்சரிசியை வாணலியில் நிறம் மாறும்வரை வறுத்து, ஆறியவுடன் பாட்டிலில் கால் பங்கு போட்டு, அதன்மேல் காகித உறையில் விதை. இரண்டு வாரம் கழித்து அரிசியை மாற்றுங்கள். பிறகு ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டு. வெளியே எடுத்தால் பாட்டிலை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், ராத்திரி எடுத்து காலையில் திறந்தால் சரி. உடனே திறந்தால் குளிர்ந்த விதைமேல் வேர்த்துக்கொள்ளும், ‘ஃப்ரிட்ஜில் வைத்தேன், முளைக்கவில்லை’ என்பதில் பெரும்பாலானது இதுதான்.

பொள்ளாச்சி விதைப்பெட்டி:
வாங்கும்போது விலைக்கு முன்னால் சோதித்த தேதியைப் பாருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை, சோதித்த நாளிலிருந்து 9 மாதம் செல்லும். பச்சை அட்டை என்றால் உண்மைநிலை விதை, உற்பத்தியாளரே பொறுப்பேற்று எழுதியது. குவியல் எண் (லாட் நம்பர்), முளைப்புத்திறன் இரண்டும் அச்சாகியிருக்க வேண்டும். தேதி சரியாக இருந்தாலும் கடை வாசலில் வெயில்படத் தொங்கும் பாக்கெட்டை எடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து கேளுங்கள். வெங்காயம், வெண்டை, கொத்தமல்லி, முருங்கை விதையை வருஷா வருஷம் வாங்குவதே நல்லது. தக்காளி, கத்தரி, கொடி வகைகளைச் சோதித்துவிட்டு முடிவு செய்யலாம்.

உறையூர் மாடி:
14ஆம் நாள்: மிளகாய் 20க்கு 9. முனை கிள்ளிய பாகல் 8க்கு 6! வெண்டையும் வெங்காயமும் மட்டும் வாங்குகிறேன். பேப்பரில் முளைத்ததை நடலாமா, வீண்தானா?

நாமக்கல் நாற்றங்கால்:
நடலாமுங்க, ஆனா இன்னிக்கே. வேர் அரை சென்டிமீட்டர் இருக்கும்போது எடுக்கறது நல்லது. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினா நுனி உடையும். வேர் பேப்பர்ல ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, அந்த இடத்துப் பேப்பரோட கிழிச்சு நடுங்க, மண்ணுல மக்கிரும். குழித்தட்டுல தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சமபங்கு, கூட ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சணத்தை அடக்குற நல்ல பூஞ்சணம்). பழைய விதை நாத்தைத்தான் நாற்றழுகல் முதல்ல பிடிக்கும். மிளகாயைக் கால் அங்குலம், பாகலை ஒரு அங்குலம் ஆழத்துல, வேர் கீழ பாக்க வைங்க. தண்ணியை ஊத்தாதீங்க, தெளிங்க. மிளகாய் 45 சதவீதம்தான், அதனால மிச்ச விதையைக் குழிக்கு மூணு போட்டு, நாலு இலை வந்ததும் நல்லது ஒண்ணை விட்டு மத்ததைக் கத்தரிக்கோலால வெட்டுங்க. பிடுங்கினா பக்கத்து வேரும் சேந்து வந்துரும்.