புதுப்பிப்பு: மூதூர்ப் பள்ளிக்கூட சோலர் வெளிச்சம், பற்றரியும் வயரும்

முன்னைய இழையில் மாலை வகுப்புக் கணக்கோடு நிறுத்தியிருந்தேன்: இரண்டு வகுப்பறை, 12 வோல்ட் 9 வாட் எல்ஈடி எட்டு, 3 மணித்தியாலம், ஆக 216 வாட்-மணி. மிச்சம் இது.

மார்கழி மழையில் ஒரு நாள் வெயிலே வராது என்று வைத்து, இரண்டு நாளுக்குத் தாங்கும் பற்றரி வேண்டும். 12.8 வோல்ட் 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் போதும். ஈய-அமிலம் என்றால் சார்ஜைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது, அதனால் 80 ஆம்பியர்-மணி. விலை குறைவுதான், ஆனால் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும், நான் வாங்கமாட்டேன்.

பேனல் 150 வாட், தெற்கு நோக்கி 10 பாகை சரிவு. ஆவணியில் வந்து பார்த்து "நிழல் இல்லை" என்று முடிவெடுக்காதீர்கள். அப்போது உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம்; மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடும், தெற்கில் நிற்கிற தென்னையின் ஓலை நிழல் நேரே பேனலில் விழும். ஒரு மூலை மறைந்தாலே உற்பத்தி படுத்துவிடும்.

மங்கலாக எரிகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் வயர்தான் காரணம். ஒரு வகுப்பறைக்கு 3 ஆம்பியர், 12 மீற்றர் தூரம்: 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 0.8 வோல்ட் போய்விடும், 4 சதுர மில்லிமீற்றரில் 0.3 தான். பற்றரி நேர்முனைக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் பியூஸ். கொன்ட்ரோலருக்கு (பேனலில் இருந்து பற்றரி சார்ஜாவதைக் கட்டுப்படுத்தும் பெட்டி) முதலில் பற்றரி, பிறகு பேனல், கழற்றும்போது மறுவளம்.

வாடைக்காற்றில் உப்பு வரும், ஆணி போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத உருக்கில் எடுங்கள்.