2012 கம்ப்யூட்டரில் பிஎஸ்2 கிரிக்கெட்: பௌலர் ஓடி வரும்போது மட்டும் இழுக்கிறது

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். தானே புயலில் எங்கள் பழைய சிஸ்டம் தண்ணீரில் போய், அடுத்த மாதமே வாங்கியது இந்தக் கம்ப்யூட்டர். ஐ3-2120 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம் ஒன்றே ஒன்று. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ் 10. போன வருஷம் எஸ்எஸ்டி மட்டும் மாற்றினேன்.

நானும் தம்பியும் ஆடிய பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2, டிவியில் மாட்டி ஆடும் கேம் மெஷின்) லென்ஸ் போய் அலமாரியில் தூங்குகிறது. டிஸ்க்குகளை அவன் ஒரு பிஸ்கட் டப்பாவில் துணி சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. மஸ்கட்டிலிருந்து பொங்கலுக்கு வருகிறான், ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் பொங்கலுக்கு வீட்டில் இருக்கப் போகிறான். அவனோடு உட்கார்ந்து அந்த கிரிக்கெட் கேமை ஒரு பத்து ஓவராவது ஆட வேண்டும்.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் போட்டு ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் முழு நகல் ஃபைல்) எடுத்தேன். பயாஸ் (பிஎஸ்2-க்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்), மெஷின் நன்றாக இருந்தபோதே எடுத்து வைத்தது. பிஎஸ்2 கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 மென்பொருள் திறக்கிறது, டாஸ் வரை எல்லாம் சரி. பௌலர் ஓடி வர ஆரம்பித்ததும் சத்தம் கரகரவென்று உடைகிறது, ஆள் தண்ணீருக்குள் நடப்பது போல வருகிறார். பேட்டைச் சுழற்றினால் பந்து ஏற்கெனவே கீப்பர் கையில். அதோடு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) எண் மெனுவில்கூட 50-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

ஒரு வீடியோவைப் பார்த்து ரெசல்யூஷனை மூன்று மடங்காக வைத்தேன், ஸ்பீடு ஹாக் (வேகத்துக்கான குறுக்குவழி செட்டிங்) என்று இருந்ததை எல்லாம் டிக் செய்தேன். ஒரு கடையில் கேட்டதற்கு, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் புதிதாக வாங்குங்கள் என்றார்கள். மகளுக்கு டேர்ம் ஃபீஸ் கட்டும் மாதம் இது, முடியாது. வழி இருந்தால் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை சர்வீஸ் எழுதியது:

அண்ணே, கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள். புதுச்சேரியில் 14 வருஷமாக இதே வேலை செய்கிறேன், இந்த ஐ3 இன்னும் எத்தனையோ வீட்டில் உழைக்கிறது.

முதலில் அந்த 50. நம் ஊரில் விற்ற பிஎஸ்2 டிஸ்க்குகள் பால் (PAL) என்ற டிவி முறை, அதாவது நொடிக்கு 50 ஃபிரேம். உங்கள் டிஸ்க்கும் அதுதான். ஆக 50 என்றால் முழு வேகம், குறை அல்ல. அமெரிக்க, ஜப்பான் டிஸ்க்குக்குத்தான் 60. எஃப்பிஎஸ்ஸை விட்டுவிட்டு ஸ்பீடு சதவீதத்தைப் பாருங்கள், அது 100-இல் நின்றால் போதும்.

அடுத்தது, எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது என்று தெரியாமல் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். ஆன்-ஸ்கிரீன் டிஸ்ப்ளேயில் ஸ்பீடு, சிபியு, ஜிபியு மூன்றையும் ஆன் செய்யுங்கள். அங்கே வரும் இஇ என்பது பிஎஸ்2-வின் மூளை. அது சுமார் 295 மெகாஹெர்ட்ஸ் சிப்தான், ஆனால் அதன் ஒவ்வொரு கட்டளையையும் நம் ப்ராசஸர் மொழிபெயர்த்து ஓட்ட வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஒரே கோரில் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று). அதனால்தான் கோர் எத்தனை என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பது இங்கே முக்கியம். இழுக்கும்போது இஇ 100-ஐ ஒட்டி நின்றால் ப்ராசஸர் திணறுகிறது. ஜிபியு 100-ஐ ஒட்டினால் படம்தான் பாரம்.

உங்களுக்கு ரெண்டாவதுதான் என்று நினைக்கிறேன். மூன்று மடங்கு ரெசல்யூஷன் என்றால் அகலம் மூன்று, உயரம் மூன்று, மொத்தம் ஒன்பது மடங்கு புள்ளி. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் எச்டி 2000 கிராஃபிக்ஸ் பாவம், அதைத் தாங்காது. நேட்டிவ் (பிஎஸ்2-வின் சொந்த அளவு) வையுங்கள், பிளெண்டிங் அக்யூரசியை (நிறக் கலப்பின் துல்லியம்) மினிமம் ஆக்குங்கள். பவர் ஆப்ஷனில் ஹை பெர்ஃபார்மன்ஸ். இவ்வளவு மட்டும் செய்துவிட்டு ஒரு மேட்ச் முழுக்க ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வாசகி எழுதியது:

சார், பந்து ஏற்கெனவே கீப்பர் கையில் என்றீர்களே, அதைப் படித்ததும் எழுத வந்தேன். ஸ்பீடு ஹாக் எல்லாம் டிக் செய்ததில் இஇ சைக்கிள் ஸ்கிப் என்று ஒன்று ஆன் ஆகியிருக்கும். உடனே எடுத்துவிடுங்கள். ஸ்பீடு 100 என்று காட்டும், ஆனால் உள்ளே கேம் தாவித் தாவி ஓடும். கதை மாதிரி போகிற கேமில் தெரியாது, டைமிங் பார்த்து அடிக்கிற கேமில் கொன்றுவிடும். என் அண்ணன் பையன் ஒரு வாரம் கன்ட்ரோலரைத்தான் திட்டிக்கொண்டிருந்தான், காரணம் இதுதான்.

மகளுக்கு ஆட வேண்டும் என்றால் இதே கம்ப்யூட்டரில் பிபிஎஸ்எஸ்பிபி போட்டுப் பாருங்கள். பிஎஸ்பி (கையில் வைத்து ஆடும் பிளேஸ்டேஷன்) கேம்களுக்கானது, பயாஸே தேவையில்லை, பிஎஸ்2 அளவுக்குப் பாரம் கிடையாது.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

ரெண்டு பேருக்கும் மனசார நன்றி. ஹாக் எல்லாவற்றையும் எடுத்தேன், ரெசல்யூஷன் நேட்டிவ். முதல் பந்திலேயே சத்தம் சுத்தமாகக் கேட்டது, ஸ்பீடு 100. நாலு ஓவர் வரை அப்படியே. ஐந்தாவது ஓவரில் பழைய கதை. ஸ்பீடு 68, இஇ 99, ஜிபியு பாதிக்கும் கீழே. கேமை மூடிவிட்டு டீ குடித்து வந்து ஆடினால் மறுபடி நாலு ஓவர் நன்றாக ஓடுகிறது.

முத்தியால்பேட்டை சர்வீஸ் எழுதியது:

டீ குடித்து வந்தால் சரியாகிறது என்றால் அது சூடு அண்ணே, செட்டிங் அல்ல. சூடு ஏறினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். எச்டபிள்யூமானிட்டரில் (சூட்டைக் காட்டும் மென்பொருள்) பாருங்கள், 90 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

பெட்டியைத் திறங்கள். நமக்குக் கடல் பக்கம் அல்லவா, ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கின் அலுமினியப் பட்டைகளுக்கு நடுவில் தூசியோடு வெள்ளை பூத்திருக்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு (சுழல விடாதீர்கள்) பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அப்புறம், இன்டெல் கம்பெனி ஃபேனுக்கு நாலு மூலையில் கறுப்பு பிளாஸ்டிக் குச்சி இருக்கும். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பாருங்கள். ஒன்று எகிறியிருந்தாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். என்னிடம் வரும் பழைய சிஸ்டங்களில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். ப்ராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு ஒரு பயறு அளவு புதிய பேஸ்ட் வையுங்கள், அள்ளிப் பூச வேண்டாம்.

இதுவரை செய்ததற்குப் பேஸ்ட் காசு தவிரச் செலவில்லை. காசு போட மனசிருந்தால் முதலில் அதே ரகத்தில் இன்னொரு 4 ஜிபி ராம். உங்கள் கிராஃபிக்ஸ், ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, ரெண்டு ராம் இருந்தால் பாதை அகலமாகும். அப்புறம் ஐ5-2400, பழையது கிடைக்கும், இந்த போர்டிலேயே உட்காரும். வேகம் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் நாலு நிஜமான கோர். அப்போது எம்டிவியு (பிஎஸ்2-வின் ஒரு பகுதி வேலையைத் தனிக் கோருக்குக் கொடுக்கும் செட்டிங்) என்பதை ஆன் செய்தால் விஷயமே வேறு. ஐ3-யில் நிஜக் கோர் ரெண்டுதான், அதில் அதை நம்ப வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான் வேலை. பெட்டியைத் திறந்து பிரஷ் போட்டேன், பட்டைகளுக்கு நடுவிலிருந்து கம்பளி போலத் தூசி சுருட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் சொன்ன வெள்ளையும் இருந்தது. நாலு குச்சியில் சுவர்ப்பக்கக் கீழ்மூலையில் இருந்தது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஹீட்சிங்க்கைக் கழற்றியபோது பேஸ்ட் அந்த மூலையில் மட்டும் காய்ந்து பொடியாக உதிர்ந்தது, எதிர் மூலையில் இன்னும் ஈரம். மகள் டார்ச் பிடிக்க, குச்சியை அழுத்தி டக் என்ற சத்தம் கேட்ட பிறகுதான் விட்டேன்.

முன்பு 94 காட்டியது, இப்போது ஒரு மணி நேரம் ஆடியும் 63. இருபது ஓவர் ஆடினேன், ஸ்பீடு 100-ஐ விட்டு இறங்கவில்லை. ஸ்டேடியம் முழுக்கச் சுற்றிக் காட்டும் ரீப்ளேயில் மட்டும் 93 வரை போய் வருகிறது, அது கிடக்கட்டும். ராம் அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன்.

தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. பிஸ்கட் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன், கம்ப்யூட்டர் மேஜை பக்கத்தில் ரெண்டாவது நாற்காலி போட்டாயிற்று.