துன்பியல் என்று எதை வைத்துச் சொல்வது?

நண்பர்களே, ஓர் உதவி. சோக முடிவு இருந்தாலே ஒரு கதை துன்பியல் (tragedy) ஆகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகா உத்தமனும் இல்லாத, கொடியவனும் இல்லாத ஒருவன் தன் பிழையால் வீழும்போதுதான் இரக்கமும் அச்சமும் பிறக்கும் என்றார் அரிஸ்டாட்டில்.

சிலப்பதிகாரத்தில்தான் எனக்குக் குழப்பம். தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன், சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சரிகிறான். பிழை, அதை உணர்தல், வீழ்ச்சி எல்லாம் ஒரே காட்சியில்! ஒவ்வொரு முறையும் நடுங்கவைக்கும் இடம். ஆனால் காப்பியம் அங்கே நிற்கவில்லை, கண்ணகியைத் தெய்வமாக்குகிறது.

அப்படியானால் துன்பியல் நாயகன் பாண்டியனா, கோவலனா? தெய்வமாக்குவதால் துன்பியல் கலைந்துவிடுகிறதா? இதை விரிவாகப் பேசும் கட்டுரைகள், நூல்கள் தமிழில் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.