கெராங் கணக்கு

குழு: ஈஜோக் பழைய லயத்துக் குடும்பம்

பெரிய மாமா: நண்பர் அனுப்பிய பட்டியல், பாருங்கள். கடலில் பிடிக்கும் சிப்பி, நத்தை எல்லாம் நாடுவாரியாக. ஜப்பான் எங்கேயோ மேலே. பக்கத்தில் ஜெராம் கடலை வைத்துக்கொண்டு நம் மலேசியா கீழே! நம் ஆட்களுக்குச் சோம்பல்.

ராணி சித்தி: அண்ணே, அது இருக்கட்டும். நாளைக்கு பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கெராங் சிப்பி கிலோ என்ன விலை? போன வாரம் விலையைக் கேட்டுவிட்டு லாலா சிப்பி வாங்கி வந்தேன்.

கவிதா அக்கா: மாமா, அது பிடித்ததற்கு மட்டும் கணக்கு. நம் கெராங் அதில் வராது.

பெரிய மாமா: ஏன்? கடலில்தானே அள்ளுகிறார்கள்?

கவிதா அக்கா: குஞ்சைச் சேற்றில் விதைத்து வளரவிட்டு அள்ளுகிறார்கள். அதனால் இங்கே அது வளர்ப்பு. ஜப்பானில் ஹொக்கைடோவில், ஒகோட்ஸ்க் கடல் பக்கம், ஸ்காலப் சிப்பிக் குஞ்சுகளைக் கடலடியில் தூவிவிடுகிறார்கள். இடத்தை நான்கு பங்காக்கி, வருஷத்துக்கு ஒரு பங்காக வாருகிறார்கள். அதுவும் விதைப்புதான். ஆனால் ஜப்பான் அதைப் பிடிப்பு என்றே எழுதுகிறது.

குமார்: அப்போ நாம் விவசாயி, அவர்கள் மீனவர்.

பெரிய மாமா: சரி, வளர்ப்புக் கணக்கிலாவது நாம் மேலே இருக்க வேண்டுமே?

கவிதா அக்கா: 2010இல் கெராங் 78,000 டன் அளவுக்கு வந்தது மாமா. ஐந்தே வருஷத்தில் 20,000 டன்னுக்கும் கீழே. தண்ணீர் கெட்டுப்போனது, குஞ்சும் குறைந்துவிட்டது. பெயர்தான் வளர்ப்பு, குஞ்சுக்குக் கடலைத்தான் நம்பியிருக்கிறோம்.

ராணி சித்தி: அதனால்தான் இந்த விலையா! அப்பா சம்பள நாளில் கோணிப்பையோடு வாங்கி வருவார். லயத்து வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து அவித்துத் தின்போம்.

பெரிய மாமா: அதில் பாதி ஓடு.

கவிதா அக்கா: பாதிக்கும் மேலே! அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அமெரிக்கா ஸ்காலப்பைக் கறி எடையில் எழுதும். ஐ.நா. உணவு விவசாய அமைப்பு ஓட்டோடு எழுதும். ஒரே படகு, ஒரே சரக்கு, எட்டு மடங்கு வித்தியாசம்.

குமார்: பட்டியலில் நத்தைப் பகுதியில் சிலி நாடு இருக்கிறதே, அது அபலோன் நத்தைதானே? சீனப் பெருநாளுக்கு தவுக்கே (முதலாளி) கொடுத்த டின்னில் சிலி என்று போட்டிருந்தது.

கவிதா அக்கா: அது லோக்கோ. அபலோன் என்று விற்பார்கள், ஆனால் வேறு குடும்பத்து நத்தை. அளவுக்கு மீறி எடுத்துவிட்டு, 1989 முதல் 1992 வரை நாடு முழுக்கத் தடை போட்டார்கள். அப்புறம் கரையோரத்தைத் துண்டு துண்டாக்கி மீனவர் சங்கங்களிடமே கொடுத்தார்கள். தடை இருந்த வருஷத்துப் பட்டியலைப் பார்த்திருந்தால் அவர்களையும் சோம்பேறி என்றிருப்பீர்கள் மாமா.

ராணி சித்தி: குமார், அந்த டின்னை எங்களுக்குக் காட்டவே இல்லையே!

பெரிய மாமா: ரோட்டோரம் மலாய்க்கார மக்சிக் பொட்டலம் கட்டி விற்கும் சிப்புட் செடுட் நத்தை எதில் வரும்?

கவிதா அக்கா: அது சதுப்புக் காட்டில் கையால் பொறுக்கியது, அசல் பிடிப்பு. அவர் எந்தப் படிவத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறார்?

ராணி சித்தி: நாளைக்கு அதையே வாங்குகிறேன். தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைக்கலாம். குமார், வால் நறுக்க வந்துவிடு.

குமார்: டின் கதையை மறந்தால் வருகிறேன் சித்தி.

பெரிய மாமா: எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வை. கவிதா, ஜப்பான் விஷயத்தை இன்னொரு தடவை சுருக்கமாகப் போடு, அந்த நண்பருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.