நாயோடு கொடைக்கானல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அடுத்த மாதம் சென்னையிலிருந்து குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம், நான்கு நாள். இந்த முறை மணியும் வருகிறான். 3 வயது நாட்டு நாய். போன தடவை தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனதில் 2 நாள் சாப்பிடவே இல்லை, பாவம்.

ரயிலை யோசித்தோம். முதல் வகுப்பு ஏசியில் கூப்பே (கதவு உள்ள தனி அறை) முழுவதையும் எடுத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான். அதற்கு மனசு வரவில்லை. அதனால் கார்.

கவலை மலைப்பாதைதான். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போவதற்குள்ளேயே வாந்தி எடுப்பவன், வத்தலக்குண்டு தாண்டி அந்த வளைவுகளில் என்ன செய்வானோ! கிளம்புவதற்கு எத்தனை மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்துவீர்கள்? டாக்டர் மாத்திரை தருகிறேன் என்கிறார், கொடுத்தவர்கள் இருந்தால் நாய் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

இ-பாஸ், வெறிநாய்த் தடுப்பூசி அட்டை, பழைய போர்வை, அவன் தட்டு எல்லாம் எடுத்தாயிற்று. மேலே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதால் தண்ணீருக்கு எவர்சில்வர் கேன். (எங்கள் துணிமணி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.) குளிருக்கு அவனுக்கும் ஸ்வெட்டர் வேண்டுமா? அம்மா தைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம், அட்டைப் பூச்சி, உண்ணிக்கு என்ன எடுத்துப்போகலாம்? நாயை அறைக்குள்ளேயே அனுமதிக்கும் தங்குமிடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.