எங்கள் தெருவில் என்னென்ன கொசு இருக்கிறது, அதில் வைரஸ் இருக்கிறதா: பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கணக்கெடுக்கலாமா?

கொருக்குப்பேட்டை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். வடசென்னை கொருக்குப்பேட்டையில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வருஷம் மழை விட்டதும் வகுப்பில் வரிசையாகப் பிள்ளைகள் காய்ச்சலில் படுத்தார்கள். சிலருக்கு டெங்கு என்று ரிசல்ட் வந்தது. ஒரு பெண்ணுக்குத் தட்டணு ரொம்பவே இறங்கிப்போய், அவள் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுததைப் பார்த்தேன். பெற்றோரைக் கேட்டால் எல்லாரும் பக்கிங்காம் கால்வாயைத்தான் கை காட்டுகிறார்கள். அது உண்மையா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்களிடம் கைலென்ஸ் இருக்கிறது, பழைய மைக்ராஸ்கோப் ஒன்றும் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எந்தக் கொசு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? பிடித்த கொசுவில் டெங்கு வைரஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற பூச்சியியல் உதவியாளர்:

டீச்சரம்மா, வணக்கம். என் சர்வீஸ் முழுக்கக் கொசு பிடிப்பதிலும் கொசுப்புழு பார்ப்பதிலும்தான் போனது. புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று நான் ஏறாத மொட்டைமாடி குறைவு. உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

முதலில் கால்வாய். அதில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் குயின்குவிஃபேசியேட்டஸ் என்கிற கொசு. சாக்கடை, செப்டிக் டேங்க், தேங்கிய கழிவுநீர் இருந்தால் அதற்குப் போதும். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் நுழைந்து ராத்திரி முழுக்கக் கடிப்பது இதுதான். யானைக்கால் நோய்ப் புழுவைப் பரப்புவது இது. ஆனால் டெங்கு இதனால் வருவதில்லை. டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி. கால்வாய்த் தண்ணீரில் அதைத் தேடினால் கிடைக்காது. வீட்டுக்குள்ளும் மாடியிலும் தேடுங்கள். தண்ணீர் டிரம், சிமெண்ட் தொட்டி, மூடி போன சிண்டெக்ஸ், கொல்லைப்புறத்தில் கவனிப்பாரில்லாமல் கிடக்கிற ஆட்டுக்கல், பெயிண்ட் டப்பா, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டு. பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும் அதிகம். அதிக தூரம் பறக்காது, பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஆக, உங்கள் மாணவியைக் கடித்த கொசு அந்தத் தெருவிலேயோ பள்ளிக்கூடத்துக்குள்ளேயோ பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைச் சொன்னதும் "டிரம்மை ஏன் திறந்து வைத்தாய்" என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நினைத்தபோது தண்ணீர் வராத தெருவில் டிரம் இல்லாமல் யாராலும் குடித்தனம் நடத்த முடியாது. பிள்ளைகள் கணக்கெடுக்கப் போகும்போது குற்றம் பிடிக்கிற முகத்தோடு போனால், அடுத்த தடவை கதவு திறக்காது. "அக்கா, உங்க டிரம்மைக் கொஞ்சம் பார்க்கலாமா" என்று கேட்டுப் போகட்டும்.

வேலை இப்படித்தான். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து டிரம்முக்குள் அடியுங்கள். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் அடிக்கு ஓடிவிடும். அசையாமல் காத்திருங்கள், மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். வந்ததும் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். வால் பக்கத்தில் நீளமான மூச்சுக்குழலோடு தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ். குழல் குட்டையாக, தடியாக இருந்து, கிட்டத்தட்ட நேர்குத்தாகத் தொங்கினால் ஏடிஸ். குழலே இல்லாமல் தண்ணீர் மட்டத்தோடு படுத்த மாதிரி மிதந்தால் அனோபிலிஸ். மூன்றாவது வகை கிணற்றிலோ மாடித் தொட்டியிலோ அகப்பட்டால் தனியாகக் குறித்து வையுங்கள். நகரத்து மலேரியாவைப் பரப்புகிற அனோபிலிஸ் ஸ்டீபன்சி அந்த மாதிரி இடத்தில்தான் இருக்கும். மலேரியா வைரஸ் இல்லை, ஒட்டுண்ணி. இருந்தாலும் வடசென்னைக்கு அது பழைய தலைவலி, விட்டுவிடக்கூடாது.

வளர்ந்த கொசு கிடைத்தால் லென்ஸில் முதுகைப் பாருங்கள். ஏடிஸ் எஜிப்தியின் கருத்த முதுகில் வெள்ளிக் கோடுகள் யாழ் வடிவில் வளைந்து இறங்கும், காலில் வெள்ளை வளையங்கள் இருக்கும். நடு முதுகில் ஒரே ஒரு நேர் வெள்ளைக்கோடு என்றால் அது ஏடிஸ் ஆல்போபிக்டஸ். செடி கொடி உள்ள இடத்தில் அதிகம், அதுவும் டெங்கு பரப்பும். கியூலெக்ஸ் பழுப்பு நிறம், பளிச்சென்று ஒன்றும் தெரியாது. உணர்கொம்பு இறகு போல அடர்ந்திருந்தால் ஆண் கொசு, அது கடிக்காது.

எழுதி வைக்க வேண்டியது: எத்தனை வீடு பார்த்தீர்கள், எத்தனை வீட்டில் புழு இருந்தது, எத்தனை பாத்திரத்தில் இருந்தது, அது என்ன பாத்திரம். நூறு வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரம் எத்தனை என்பதற்கு ப்ரெட்டோ இண்டெக்ஸ் என்று பெயர். 50 வீட்டில் 12 பாத்திரத்தில் புழு என்றால் 24. ஆனால் என் அனுபவத்தில் அந்த எண்ணைவிட "என்ன பாத்திரம்" என்ற கடைசிக் கட்டம்தான் தெருவுக்கு உதவும். ஒரு தெருவில் டிரம்மாக இருக்கும், அடுத்த தெருவிலேயே ஆட்டுக்கல்லாக இருக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. கை காலைக் காட்டிக் கடிக்க வரும் கொசுவைப் பிடிக்கிற பழைய முறை பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

வைராலஜி லேபில் வேலை பார்ப்பவர், பெரம்பூர்:

சார் சொன்னதற்கு மேல் கொசு பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வைரஸ் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

டீச்சர், பார்த்துச் சொல்லவே முடியாது. வைரஸ் இருக்கிற ஏடிஸும் இல்லாத ஏடிஸும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றேதான். டெங்கு நோயாளியைக் கடித்த கொசு உடனே பரப்பாது. வைரஸ் அதன் உடம்பில் பெருகி எச்சில் சுரப்பிக்கு வர ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும், அதற்கப்புறம் சாகும்வரை பரப்பும். லேபில் ஒரே இனம், ஒரே இடம், ஒரே தேதி என்று பெண் கொசுக்களைச் சிறு கூட்டங்களாகச் சேர்த்து அரைத்து, வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்டி-பிசிஆர் சோதனை செய்கிறோம். ரத்தம் குடித்து வயிறு உப்பிய கொசுவைத் தனியாக எடுத்து வைப்போம், ஏனென்றால் அந்த ரத்தத்தில் இருக்கிற வைரஸைக் கொசுவின் வைரஸ் என்று தப்பாக எண்ணிவிடுவோம். பிடித்ததிலிருந்து லேப் வரை குளிர் விட்டுப்போகக்கூடாது. வைரஸின் ஆர்என்ஏ அவ்வளவு சீக்கிரம் சிதைந்துவிடும்.

நோய் பரவுகிற நேரத்தில்கூடப் பெரும்பாலான கொசுவில் வைரஸ் இருக்காது. அதனால் ஒரு வகுப்பு பிடித்த கொசுவில் "இல்லை" என்று வந்தால் தெருவுக்கு ஆபத்தில்லை என்று அர்த்தமாகாது. இந்த வேலையை ஆராய்ச்சி நிறுவனங்களிடம் விடுங்கள். புதுச்சேரியில் 1975-இல் தொடங்கிய விசிஆர்சி, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நோய் பரப்பும் பூச்சிகளுக்கான ஆராய்ச்சி மையம், இதற்கென்றே இருக்கிறது. நம் ஊருக்கும் இதில் பழைய கதை உண்டு. 1964-இல் மெட்ராஸில் சிக்குன்குனியா பெரிதாகப் பரவியபோது, இங்கே பிடித்த ஏடிஸ் எஜிப்தியிலிருந்தே அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள்.

காசிமேடு படகுக்காரர்:

சார், எங்க பக்கம் பற்றி ஒரு சந்தேகம். மோதாமல் இருக்க விசைப்படகைச் சுற்றி டயர் கட்டியிருப்போம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, படகு சும்மா நிற்கும். கோடை மழை ஒன்று பெய்தால் டயருக்குள் தண்ணீர் நின்று புழு நெளியும். குடிதண்ணீர் பேரல், உடைந்த தெர்மாகோல் ஐஸ் பெட்டி எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன். கடல் பக்கத்தில் உப்புத் தண்ணீர்தானே, அதில் டெங்கு கொசு வராது என்று சொல்கிறார்களே?

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற பூச்சியியல் உதவியாளர்:

தம்பி, கடல் உப்புத்தான், ஆனால் உங்கள் டயரில் நிற்பது மழைத்தண்ணீர். ஏடிஸுக்கு டயர் என்றால் மிகவும் இஷ்டம். உள்ளே இருட்டு, எளிதில் காயாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அது முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஓரத்தில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரியும். உள்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துவிடுங்கள். அப்புறம் கீழ்ப்பக்கம் ஒரு ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீரே நிற்காது. பேரலுக்குத் துணி கட்டுங்கள்.

கொருக்குப்பேட்டை டீச்சர்:

ஐயா, மிக்க நன்றி. லேப் மேடத்துக்கும்தான். வைரஸை விட்டுவிட்டோம், பாத்திரக் கணக்கையே எடுக்கிறோம். பள்ளிக்கூடத்துக்குள் ஏடிஸ் வருகிறதா என்று தினமும் கொசு பிடிக்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டா?

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற பூச்சியியல் உதவியாளர்:

உண்டு, ஓவிட்ராப் என்போம். பிளாஸ்டிக் மக் ஒன்றுக்குக் கருப்பு பெயிண்ட் அடித்து, பாதித் தண்ணீர் ஊற்றி, சொரசொரப்பான பழுப்பு அட்டையை உள்பக்கம் சுற்றி நிறுத்துங்கள். மாடிப்படிக்குக் கீழே, நிழலில் வையுங்கள். ஏடிஸ் வந்து போனால் ஈரமான அட்டையில் கசகசாவைவிடப் பொடியாகக் கருப்பு முட்டைகள் ஒட்டியிருக்கும், லென்ஸில் நன்றாகத் தெரியும். ஐந்து நாளுக்கு ஒரு தடவை கட்டாயம் அட்டையை எடுத்துவிட்டு, மக்கைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். முழு ஆண்டு லீவுக்கு முன்னால் எல்லா மக்கையும் எண்ணி எடுத்துவிடுங்கள், ஒன்றுகூட மறந்து நிற்கக்கூடாது. எந்தச் சனிக்கிழமை என்று சொல்லுங்கள், முதல் தடவை நானே வந்து பிள்ளைகளோடு வைத்துக் காட்டுகிறேன்.